அது ஒலிவியா நியூட்டன்-ஜான் இல்லை

பழைய கடையில் வாங்கிய இசைத்தட்டில் ‘ஒலிவியா’ என்றிருக்கிறது, ஆனால் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானின் இசைத்தட்டுப் பட்டியலில் அதைக் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காதுதான். ஒலிவியா என்பது இசைத்தட்டு வெளியிட்ட கம்பெனியின் பெயர். பாடியவர், அட்டையில் நீங்களே படித்த கிரிஸ் வில்லியம்சன்.

1973-இல் வாஷிங்டனில் லெஸ்பியன் பெண்ணியவாதிகள் சிலர் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி அது. பாடுவது, வாசிப்பது மட்டுமில்லை, ஒலிப்பதிவு மேசையில் உட்காருவதும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். உங்களிடம் இருப்பது 1975-இல் வந்த ‘தி சேஞ்சர் அண்ட் தி சேஞ்ச்ட்’. பெண்கள் புத்தகக் கடைகளிலும் கச்சேரி வாசலிலும் வைத்தே லட்சக்கணக்கில் விற்றார்கள். அட்டையில் வாசித்தவர்கள் பெயரைப் பாருங்கள், ஜூன் மில்லிங்டன் இருப்பார். ஃபேன்னி என்ற பெண்கள் ராக் குழுவின் கிடாரிஸ்ட், சும்மா ஆள் இல்லை.

சரி, இது பிடித்திருந்தால் அடுத்து அதே கம்பெனியில் பாடிய மெக் கிறிஸ்டியனைத் தேடுங்கள். பள்ளியில் விளையாட்டு டீச்சர் மேல் வந்த காதலைக் கிண்டலும் கூச்சமுமாகப் பாடியிருப்பார். எனக்கு வில்லியம்சனைவிட அவரைத்தான் பிடிக்கும்.

அப்புறம், இணையத்தில் ‘ஒலிவியா’ என்று மட்டும் போட்டுத் தேடாதீர்கள், கப்பல் சுற்றுலா விளம்பரம்தான் வரும். அதே கம்பெனிதான், 1990-இல் தொழிலை மாற்றிக்கொண்டது!