வசீகரம் பிறவியிலேயே வருவதா?

ஐயா, வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கூட்டத்தில் நான் பேச ஆரம்பித்தால் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த நண்பர் ஒருவர் வாயைத் திறந்தால் அறையே அவர் பக்கம் திரும்புகிறது. 'அதெல்லாம் பிறவியிலேயே வருவது' என்கிறாள் என் மனைவி. தியாகராய நகரில் 2 நாள் ஆளுமைப் பயிற்சிக்கு 20,000 ரூபாய் கேட்கிறார்கள். வசீகரத்தைக் கற்றுக்கொள்ள முடியுமா? பணம் கட்டலாமா?

— ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த 2 நாளில் அல்ல.

உங்கள் மனைவி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கூச்சமில்லாமல் நாலு பேரோடு பழகும் இயல்பில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. கணீரென்ற குரலையும் களையான முகத்தையும் யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. ஆனாலும் சென்னையில் வாழ்கிற ஒருவர் அவைதான் எல்லாம் என்று நம்பிவிடக் கூடாது. அண்ணாவுக்குக் குள்ளமான உருவம், கரகரத்த குரல். 1969 பிப்ரவரியில் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு இந்த நகரம் தாங்காத கூட்டம் வந்தது. அவருடைய அடுக்குமொழியைக் கேட்டு, அதே மாதிரி பேசிப் பார்த்தே ஒரு தலைமுறைப் பேச்சாளர்கள் உருவானார்கள். காமராசரோ அலங்காரமே இல்லாமல் நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கியவர். அவருக்கும் கூட்டம் காத்திருந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் அன்டோனாகிசும் அவருடைய சகாக்களும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறுவன மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு உடன் வேலை செய்பவர்களிடம் அவர்களைப் பற்றி மதிப்பிடச் சொன்னார்கள். பயிற்சி பெற்றவர்களின் மதிப்பு உயர்ந்திருந்தது. கற்றுக்கொடுத்தவை என்ன? உவமை சொல்வது, கதை சொல்வது, கேள்வி கேட்பது, இரண்டை எதிரெதிராக நிறுத்திக் காட்டுவது, மூன்று மூன்றாக அடுக்குவது, குரலை ஏற்றி இறக்குவது. நம் பொதுக்கூட்ட மேடைகளைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் இவை புதியவை அல்ல.

இத்தனை இருந்தும் என்னை அதிகம் யோசிக்க வைப்பது எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அதற்குப் பிறகு அவருடைய பேச்சு தெளிவாக இல்லை. ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. வசீகரம் குரலில் இருந்திருந்தால் அன்றோடு பாதி போயிருக்க வேண்டும். 10 ஆண்டுகள் கழித்து அவர் முதலமைச்சரானார். மக்கள் அவர்மேல் வைத்த பிரியம் அவர்களிடம் இருந்தது. துப்பாக்கிக் குண்டு அதைத் தொடவில்லை. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரும் இதைத்தான் சொன்னார்: ஒரு தலைவரின் வசீகரத்தை உறுதி செய்வது பின்பற்றுகிறவர்களின் ஏற்பு. அதனால் பிறவியா பயிற்சியா என்ற கேள்வியோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: உங்களுக்கு அந்த ஏற்பைக் கொடுக்கப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும்?

வியாசர்பாடியில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். பேச வந்தவர் மாவட்ட அளவில்கூடப் பெயர் தெரியாதவர். ஒல்லியான ஆள், கசங்கிய சட்டை. மேடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்தபடி வட்டச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்: இந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும்? குடங்களை வரிசையில் வைப்பது யார்? சண்டை எதனால் வருகிறது? பிறகு மேடையேறி, ஒலிபெருக்கியில் அடங்கிய குரலில், "நேற்று லாரி ஒன்பது மணிக்கு வரவில்லை" என்று ஆரம்பித்தார். கடைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பையோடு நின்றுவிட்டார்கள். அடுக்குமொழியெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. தங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தெரிந்துவிட்டதால் அதையும் ரசித்துக் கேட்டார்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கூட்டத்தில் நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்பவர்கள் யார், அந்த வாரம் அவர்களுக்கு என்ன தலைவலி என்பதும் இல்லை. நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பது மட்டுமே இருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு மனம் இப்படித்தான் தன்மேலேயே குவியும். எதிரில் இருப்பவரின் பிரச்சினையில் முழுதாக இறங்கும்போது அந்தக் கூச்சம் தானாகத் தளர்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

20,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். நடையையும் கைகுலுக்கலையும் 2 நாளில் மாற்றிவிடுவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். வாரம் தவறாமல் எழுந்து நின்று பேச வைத்து, முகத்துக்கு நேராகக் குறை சொல்லும் பேச்சுப் பயிற்சி மன்றங்கள் சென்னையில் மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. அப்படி ஒன்றில் சேருங்கள், ஒரு வருடமாவது விடாமல் போங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் நண்பரைக் கொஞ்சம் கவனியுங்கள். கூட்டத்தில் அவர் பேசுவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறீர்கள். அதற்கு முன் அரை மணி நேரம் யார் யார் மேசைக்குப் போகிறார், என்ன கேட்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.