தொழுவில் மணல் ஈ இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: மணல் ஈக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் போடுகிறார்களாம், செய்தியில் பார்த்தேன். பேசாமல் ஊர் முழுக்க மருந்து அடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மாட்டுத்தொழு. பயப்பட வேண்டுமா?
- அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: பயம் வேண்டாம் அண்ணாச்சி. ஆனால் ஊர் முழுக்க அடிப்பதில்தான் சிக்கலே. கொசு என்றால் தேங்கின தண்ணீரைக் கொட்டிவிடலாம். மணல் ஈ தண்ணீரில் முட்டையிடாது. சாணியும் ஈரமுமாகக் கிடக்கிற தொழு மண், சுவர் விரிசல், பொந்து, இங்கேதான் அதன் புழு வளர்கிறது, அதை மண்ணில் தேடிப் பிடிப்பது ஆராய்ச்சிக்காரர்களுக்கே பெரும்பாடு. வளர்ந்த ஈ 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், சத்தமில்லாமல் ராத்திரியில் கடிக்கும், தத்தித் தத்திப் பறப்பதால் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஒரு தெருவில் மொய்க்கும், அடுத்த தெருவில் ஒன்றுகூட இருக்காது. அதனால் மாவட்டம் முழுக்கச் சிவப்பு அடித்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மருந்து அடிக்கப் போகிறவர் என்ன செய்வார்?

அதனால்தான் வரைபடம் போடுகிறவர்கள் சாயங்காலம் வீட்டிலும் தொழுவிலும் விளக்குப் பொறியைத் தொங்கவிட்டு விடியற்காலையில் எடுப்பார்கள். டார்ச் அடித்துச் சுவரில் உட்கார்ந்திருப்பதைக் குழாயால் உறிஞ்சியும் பிடிப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் இனம் பார்த்து, பிடித்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, அதோடு ஈரப்பதம், வெப்பம், மண், பசுமை பற்றிய செயற்கைக்கோள் விவரத்தைச் சேர்த்தால், பொறி வைக்காத ஊரையும் ஓரளவு கணிக்கலாம். ஆனால் ஒன்றும் சிக்காத வீட்டையும் குறித்தாக வேண்டும். ஜீப் போகிற ரோட்டோரம் மட்டும் பொறி வைத்தால் கிடைப்பது ஈ வரைபடம் இல்லை, ரோடு வரைபடம்!

அப்புறம், ஈ இருக்கிற இடமெல்லாம் நோய் இருக்காது. காலா அசார் என்ற நாட்பட்ட காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ இனம் தமிழ்நாட்டிலும் உண்டு, அந்த நோயின் கிருமியை 1903-இல் டோனோவன் என்ற டாக்டர் கண்டதும் மெட்ராஸில்தான். ஆனால் அந்த நோயின் பாரம் பிகார், ஜார்கண்ட் பக்கம்தான். ஈ வரைபடத்தின் மேல் நோயாளிகள் வரைபடத்தை வைத்துப் பார்த்தால்தான் எந்த வீட்டுச் சுவரில் மருந்து அடிப்பது என்று தெரியும். அங்கேயும் 6 அடி உயரம் வரைதான் அடிக்கிறார்கள், ஈ தாழ்வாகத்தான் உட்காரும்.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது மலையை. அகத்தியமலையின் கேரளப் பகுதியில் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளில் மணல் ஈயால் வரும் தோல் புண் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்து மயிலாறு, சேர்வலாறு காணி குடியிருப்புகள் இருப்பதும் அதே மலைத்தொடரில்தானே. இந்த வரைபடம் மாநில எல்லையோடு நின்றால் பாதி வேலைதான்.

சரி, உங்கள் தொழுவுக்கு வருவோம். சாணியைத் தினமும் வழித்துத் தள்ளிப் போடுங்கள், விரிசலைப் பூசுங்கள், தரை காயட்டும். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இது நுழைந்துவிடும், நெருக்கமான வலையாகக் கேட்டு வாங்குங்கள். மலைக்குப் போய்வந்த யாருக்காவது புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், டாக்டரிடம் மலைக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.