பொருளாதார மந்தநிலையில் பதவிக்கு வரும் புதிய அமெரிக்க அதிபருக்கு மக்கள் எவ்வளவு நாள் பொறுமை காட்டுவார்கள்?

கணக்கு வைத்துச் சொல்வதென்றால் அதிகபட்சம் இரண்டு வருஷம், அதாவது முதல் இடைக்காலத் தேர்தல் (அதிபர் தவணையின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடப்பது) வரைக்கும். ஆனால் புது அதிபர் எந்தக் கட்டத்தில் உள்ளே வருகிறார் என்பதுதான் முக்கால்வாசி விஷயத்தை முடிவு செய்கிறது என்பது என் எண்ணம். பொருளாதாரம் அடிமட்டத்துக்குப் போன பிறகு வருபவருக்கு யோகம். விழுந்துகொண்டிருக்கும்போது வருபவர் மாட்டிக்கொள்கிறார்.

அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதல் வகை. பங்குச்சந்தை விழுந்தது 1929 அக்டோபரில். அவர் பதவியேற்றது 1933 மார்ச் 4-ல். நடுவில் இருந்த மூன்றரை வருஷத் திட்டையும் அவருக்கு முந்தைய அதிபர் ஹூவரே வாங்கிக்கொண்டார். வீடிழந்தவர்கள் தகரத்தையும் அட்டையையும் வைத்துக் கட்டிய குடிசைப் பகுதிகளுக்கே 'ஹூவர்வில்' என்றுதான் பெயர். ரூஸ்வெல்ட் வந்தபோது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்குக் கீழே போக இடமும் இல்லை. மார்ச் 12-ம் தேதி ரேடியோவில் வங்கிகளைப் பற்றிப் பேசினார். மறுநாள் மூடிக்கிடந்த வங்கிகள் திறக்க ஆரம்பித்தபோது, பணத்தை எடுத்து வீட்டில் பதுக்கியவர்கள் திரும்பப் போடுவதற்கு வரிசையில் நின்றார்கள். 1934 இடைக்காலத் தேர்தலில் அவர் கட்சிக்கு இடங்கள் கூடின. ஆளும் கட்சிக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

ஒபாமா இரண்டாவது வகை. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி கவிழ்ந்தது 2008 செப்டம்பரில், அவர் பதவியேற்றது 2009 ஜனவரியில். நடுவில் நான்கே மாதம். அந்த ஜனவரியில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. நான் அப்போது ஒஹாயோவில், டொலிடோ பக்கத்தில் இருந்தேன். ஹெச்1பி விசா. வேலை போனால் வீட்டைக் காலி செய்து ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். அதனால் மாதாமாதம் வரும் வேலையின்மைப் புள்ளியை, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல எங்கள் ஆபீசில் எல்லோரும் பார்ப்போம்.

எங்கள் ஊரிலிருந்து டோல் ரோட்டில் மேற்கே இரண்டு மணி நேரம் போனால் இண்டியானாவின் எல்க்கார்ட். உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த ஆர்.வி. வண்டிகளைச் செய்யும் ஊர். கையில் காசு குறைந்தால் ஜனங்கள் முதலில் வாங்காமல் விடுகிற பொருள் அது. ஒரே வருஷத்தில் அங்கே வேலையின்மை 4.7 சதவீதத்திலிருந்து 15.3-க்கு ஏறியது. பதவியேற்ற மூன்றாவது வாரமே ஒபாமா அங்கே போய் நின்றார். அந்தச் சமயத்தில்தான் டிவி பேட்டி ஒன்றில், மூன்று வருஷத்துக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் ஒரு தவணையோடு நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்கிற மாதிரி சொல்லி, தனக்குத் தானே கெடு வைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய வினை ஒரு வரைபடம். அவருடைய பொருளாதார ஆலோசகர்கள் ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு கோடுகள் இருந்தன. பொருளாதாரத்தைத் தூக்கிவிட அரசு பணம் இறக்கும் ஊக்கத் திட்டம் வந்தால் வேலையின்மை 8 சதவீதத்தோடு நிற்கும், வராவிட்டால் 9 சதவீதம் வரை போகும் என்றன அவை. 78,700 கோடி டாலர் திட்டம் பிப்ரவரியில் கையெழுத்தானது. அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதம். 'ஒன்றும் செய்யாவிட்டால்' என்று போட்ட கோட்டுக்கும் மேலே! பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அந்த ஜனவரியில் யாருக்கும் தெரியாது என்பது நியாயமான பதில்தான். ஆனால் எதிர்க்கட்சிக்கு அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது.

அந்தத் திட்டத்தில் பெரும்பாலான உழைப்பாளிக் குடும்பங்களுக்கு வரிக்குறைப்பும் இருந்தது என்பது இன்னொரு கூத்து. தனி ஆளுக்கு 400 டாலர், தம்பதிக்கு 800. இதற்கு முந்தைய வருஷம், அப்போதைய அதிபர் புஷ் இதேபோல் கொடுத்ததைக் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ மொத்தமாகக் கொடுத்தார். எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒபாமா ஆட்கள், மொத்தமாகக் கொடுத்தால் சேமித்து வைத்துவிடுவார்கள், சிறுகக் கொடுத்தால்தான் செலவழிப்பார்கள் என்று யோசித்துச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்தார்கள். வாரத்துக்கு 13 டாலர் சுமார். ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டில் 'ஃபெடரல் டாக்ஸ்' என்ற வரி கொஞ்சம் இளைத்திருந்தது, அவ்வளவுதான். பொருளாதாரப்படி சரியான யோசனையாக இருக்கலாம். அரசியலாகப் பார்த்தால் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கொடுத்தவர் பெயரை அழித்த கதை. ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது, தன் வரி குறைந்தது என்று சொன்னவர்கள் மிகக் கொஞ்சம் பேர்.

புஷ் கையெழுத்திட்ட 70,000 கோடி டாலர் வங்கி மீட்புத் திட்டமோ ஒபாமா கணக்கில் ஏறிவிட்டது. அது 2008 அக்டோபரில் வந்தது, அப்போது ஒபாமா வேட்பாளர்தான். சரி, மக்கள் புஷ்ஷை மன்னித்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பல வருஷங்கள் கழித்து எடுத்த கருத்துக்கணிப்புகளிலும் மந்தநிலைக்குப் பெரும்பான்மையோர் பழித்தது புஷ்ஷைத்தான். பழி அவர் மேல், கோபம் இவர் மேல். 2009 கோடையில் எல்லா டிவியும் ஒபாமா கொண்டுவர முயன்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய சண்டையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட என் சக ஊழியர் ஒருவர், "என் தம்பிக்கு வேலை இல்லை, இவர் இன்சூரன்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றார். எனக்கு அந்தச் சட்டம் தேவை என்றே பட்டது. ஆனால் அவரிடம் என்ன சொல்லி வாதாடுவது?

2010 செப்டம்பரில் நிபுணர் குழு, மந்தநிலை 2009 ஜூனிலேயே முடிந்துவிட்டது என்று அறிவித்தது. வேலையின்மை அப்போது 9 சதவீதத்துக்கு மேல். நவம்பரில் ஒபாமா கட்சி கீழ்சபையில் 63 இடங்களை இழந்தது.

ஒபாமாவுக்குப் பேச்சு போதவில்லை, எண்பதுகளில் அதிபராக இருந்த ரீகனாக இருந்தால் சமாளித்திருப்பார் என்பார்கள். பேச்சில் ரீகனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம் ஆனபோது, இடைக்காலத் தேர்தலில் அவர் கட்சிக்கும் கீழ்சபையில் 26 இடங்கள் போயின. 1983 ஜனவரியில் அவருடைய செல்வாக்கு 35 சதவீதம். வட்டி ஏறி வியாபாரம் படுத்ததால், வீடு கட்டும் கம்பெனிக்காரர்கள் மத்திய வங்கிக்கு மரக்கட்டைகளைத் தபாலில் அனுப்பிய காலம் அது. அடுத்த வருஷமே வேலைகள் திரும்பின. 1984-ல் 49 மாநிலங்களை வென்றார்.

ஒபாமா 2009 ஜனவரியில் வந்தபோது வேலையின்மை 7.8 சதவீதம். 2012 தேர்தலுக்கு முந்தைய மாதம் வெளியான புள்ளியும் அதே 7.8. ஆனால் முன்னது ஏறுகிற வழியில் இருந்த 7.8, பின்னது இறங்குகிற வழியில். டொலிடோவில் அது கண்ணுக்கே தெரிந்தது. 2009-ல் திவாலாகி அரசுப் பணத்தில் எழுந்த கார் கம்பெனி கிறைஸ்லர், எங்கள் ஊர் ஜீப் ஆலையில் புதிதாக 1,100 வேலைகள் வரும் என்று அறிவித்திருந்தது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, ஜீப் உற்பத்தி சீனாவுக்குப் போகிறது என்ற தொனியில், ஒபாமாவை எதிர்த்து நின்ற ரோம்னி தரப்பு ஒரு விளம்பரம் ஓட்டியது. கிறைஸ்லர் தலைவரே ஊழியர்களுக்கு எழுதி அதை மறுத்தார். ஒஹாயோவை ஒபாமா ஏறக்குறைய 3 சதவீத வித்தியாசத்தில் எடுத்தார்.