ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு கம்பெனி: மெயில் போக புது சர்வர் வாங்க வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். சில விண்டோஸ் கம்ப்யூட்டர்கள், டிசைனருக்கு ஒரு மேக், ஸ்கேனரோடு சேர்ந்த காப்பியர், ஃபைல்களைச் சேமிக்க ஒரு நாஸ், கேமரா ரெக்கார்டர் என்று எல்லாமே வேறு வேறு கம்பெனி. முன்பெல்லாம் காப்பியரில் ஸ்கேன் செய்தால் நேராக மெயிலுக்குப் போய்விடும். இப்போது போவதில்லை. நாஸ் அனுப்பும் எச்சரிக்கை மெயிலும் வருவதில்லை. கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் மெயில் ஒழுங்காகப் போகிறது. "பிராண்டுகள் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே கம்பெனிக்கு மாற்றுங்கள், அல்லது ஆபீசிலேயே மெயில் சர்வர் போடுங்கள்" என்று சப்ளையர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கொட்டேஷனில் உள்ள இரண்டுமே உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது.

மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி என்ற பொது நடைமுறை 1982 முதலே இருக்கிறது. காப்பியரோ கேமராவோ, எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் அதே நடைமுறையில்தான் அனுப்பும். மாறியது மெயில் கணக்கில் உள்ளே நுழையும் விதம். சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கருவிகள் நுழைவதைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் நிறுத்தியது. கம்ப்யூட்டர்கள் புது முறைக்கு மாறிக்கொண்டன. காப்பியர் இன்னமும் யாரோ என்றோ அடித்து வைத்த பழைய பாஸ்வேர்டையே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே பிராண்டில் புதிதாக வாங்கினாலும் இந்த செட்டிங்கைச் சரிசெய்யாமல் மெயில் போகாது.

முதலில் கருவிகளுக்கென்று தனி மெயில் கணக்கு ஒன்று தொடங்குங்கள். முதலாளியின் சொந்தக் கணக்கைக் காப்பியரில் போட்டு வைப்பது ஆபத்து; சர்வீஸுக்கு வருகிறவர் முதல் எல்லோரும் அந்த செட்டிங் பக்கத்தைத் திறக்கிறார்கள். ஜிமெயில் என்றால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால், 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (இப்படிப்பட்ட கருவிகளுக்கென்று கூகுள் தனியாகத் தரும் பாஸ்வேர்டு) ஒன்றை உருவாக்கலாம். கருவியில் அதை இடைவெளி இல்லாமல் அடியுங்கள். கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டு ரத்தாகிவிடும் என்பதை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பிறகு கருவியின் மெயில் செட்டிங்கில் போர்ட் (மெயில் போகும் வாசலின் எண்) 587 போட்டு ஸ்டார்ட்-டிஎல்எஸ், அல்லது 465 போட்டு எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய மெஷின்களில் 25 என்றே இருக்கும். வெளியே போகும் அந்தப் போர்ட்டைப் பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு போகவில்லையா? மெயில் சர்வரின் பெயரை வைத்து அதன் ஐபி எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் கட்டத்தைப் பாருங்கள். காப்பியருக்கு நிலையான ஐபி கொடுக்கும்போது டிஎன்எஸ்ஸைக் காலியாக விட்டிருப்பார்கள், அல்லது பழைய ரூட்டரின் எண் அதில் இருக்கும். உள்ளே பிரிண்ட் வரும், வெளியே மெயில் போகாது. பிராட்பேண்ட் மாற்றிய அலுவலகங்களில் இதுதான் பெரும்பாலும் காரணம். கேமரா ரெக்கார்டரில் தேதியையும் பாருங்கள். அது பல வருடம் பின்னால் இருந்தால், மெயில் சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று நினைத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும்.

காப்பியர் மிகப் பழையது என்றால் இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையில் 1.0 பதிப்பு மட்டுமே தெரிந்ததாக இருக்கலாம். 2021லேயே கைவிடப்பட்ட பதிப்பு அது. ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மூலையில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருளை ரிலேவாக வைக்கச் சொல்லுங்கள். ஊர்த் தபால் பெட்டி மாதிரிதான்: எல்லாக் கருவிகளும் மெயிலை அதில் போடும், அது ஒரே கணக்கின் வழியாகப் பாதுகாப்பாக வெளியே அனுப்பும். பாஸ்வேர்டு மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். நான்கைந்து கம்பெனிக் கருவிகள் உள்ள இடத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வரும் மெயிலை மட்டுமே ஏற்க வேண்டும். ரூட்டரில் வெளியிலிருந்து அதற்கு வழி திறந்துவிட்டால் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் புகுந்துவிடுவார்கள்.

முழு மெயில் சர்வரையே ஆபீசில் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதற்கு நிலையான பொது ஐபி வேண்டும். அந்த ஐபியிலிருந்து உங்கள் டொமைன் பெயருக்குத் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) திரும்பிச் செல்லும் பதிவு வேண்டும். கரண்ட் போனாலும் ஓட வேண்டும். சாதாரண பிராட்பேண்ட் ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பல பெரிய சேவைகள் நேரடியாகவே நிராகரிக்கின்றன. வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய இன்வாய்ஸ் ஸ்பேமில் விழுந்தால் ஆர்டர் யார் கையில் போகும்? அந்தப் பணத்தைச் சொந்த டொமைனில் மெயில் பெட்டி தரும் சேவைக்குச் செலவிடுங்கள். டொமைன் உங்கள் பெயரில் பதிவாகி இருக்கட்டும், சப்ளையர் பெயரில் அல்ல. மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற பதிவுகள் மூன்றையும் அமைத்துத் தரச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். பில்லிங் மென்பொருளுக்குத் தனியாக இரண்டாவது சேர்த்தால் சோதனையே தோல்வியாகும். வேலை முடிந்ததும் ஒரு ஜிமெயில் முகவரிக்கு ஸ்கேன் அனுப்பி, வந்த மெயிலின் மூல வடிவத்தை (ஜிமெயிலில் "Show original") திறந்து, மூன்றும் "பாஸ்" என்று வந்திருப்பதைப் பார்த்த பிறகே பில்லுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: நான் மதுரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். "ஸ்கேன் செய்து மெயில் அனுப்பலாம்" என்று சொல்லி விற்ற புது மல்டிஃபங்ஷன் மெஷினில் அந்த வசதி வேலை செய்யவே இல்லை. விற்றவர் கண்டுகொள்ளவில்லை. கடைக்கு வாங்கியதற்கு நுகர்வோர் சட்டம் உதவுமா?

பதில்: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் பொதுவாக 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. நீங்களே உட்கார்ந்து நடத்தும் கடை என்றால் புகார் செய்யலாம். மேலே சொன்ன செட்டிங்குகளை முதலில் சரிபாருங்கள். பிறகு விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்பி, ஜிஎஸ்டி பில், விளம்பரத் தாள், திரையில் வரும் பிழைச் செய்தியின் படம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.