மேல்வாய்க்கு இரண்டு இம்பிளான்ட் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. மேல்வாயில் ஒரு பல்லும் இல்லை. கட்டியிருக்கிற செட் சாப்பிடும்போது கழன்று விழுவதால் கலியாண வீடுகளுக்குப் போகவே கூச்சப்படுகிறார். ஒரு கிளினிக்கில், இரண்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து அதில் பட்டன் போலக் கொளுவிக் கழற்றக்கூடிய செட் தரலாம், இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால் விலை குறையும் என்கிறார்கள். இன்னொரு டொக்டர் நான்கு வேண்டும் என்கிறார். யாரை நம்புவது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அட்வான்ஸ் கட்டாதீர்கள். இரண்டு என்பது கீழ்த்தாடைக்கான கணக்கு. 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்குத்தான் இரண்டு இம்பிளான்டில் நிற்கும் செட்டை முதல் தெரிவாகச் சொன்னார்கள். மேல்தாடை எலும்பு மென்மையானது. கடைவாய்ப் பக்கம் எலும்புக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருப்பதால் எலும்பின் உயரமும் குறைவு. அதனால் மேலே பொதுவாகக் குறைந்தது நான்கு வேண்டும், அவையும் ஒரே இடத்தில் நெருங்காமல் முன்னும் பின்னும் பரவியிருக்க வேண்டும். அண்ணத்தை மூடாத செட் கேட்டால் இது இன்னும் முக்கியம். அம்மாவுக்குச் சொதியின் சூடும் ருசியும் மறுபடி தெரியும் என்பதால் அது ஆசைப்படக்கூடியதுதான்.

ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இப்போதைய செட் எத்தனை வருஷம் பழையது? பல் போனபின் எலும்பு கரைந்துகொண்டே போகும், செட் மட்டும் அப்படியே இருக்கும். நல்ல அளவில் புதிதாகச் செய்த மேல்செட் பலருக்கு உறிஞ்சுப் பிடிப்பிலேயே நிற்கிறது. அது நின்றுவிட்டால் சத்திரசிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். நிற்காவிட்டாலும் அந்தச் செலவு வீண் இல்லை. உதடு எவ்வளவு உள்ளே விழுகிறது, சிரித்தால் பல் எவ்வளவு தெரிகிறது என்பதையெல்லாம் அந்தச் செட்டில்தான் முடிவு செய்வார்கள். பிறகு அதையோ அதன் பிரதியையோ வாயில் வைத்து சீபீசீரீ (CBCT) எனும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கான் எடுத்தால், எந்தப் பல்லுக்கு மேலே எவ்வளவு எலும்பு இருக்கிறது என்று தெரியும். முதலில் பல்லின் இடம், அதன்பிறகு இம்பிளான்டின் இடம். இந்த வரிசையை மாற்றுகிறவரிடம் நான் என் அம்மாவை அனுப்ப மாட்டேன்.

ஈறிலிருந்து பல் நுனி வரை உள்ள உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பட்டன் வகைக்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் வேண்டும். இம்பிளான்ட்களை இணைக்கும் உலோகப் பார் என்றால் 12க்கு மேல். இடம் போதாமல் செய்தால் செட் மெலிந்து, அந்த இடத்திலேயே வெடிக்கும்.

அம்மாவுக்கு நீரிழிவு இருந்தாலோ, எலும்புத் தேய்வுக்கு மாத்திரை எடுத்தாலோ டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இம்பிளான்டை எலும்பு இறுகப் பிடிக்க மேல்தாடையில் சில மாதங்கள் ஆகும். அதுவரை பழைய செட்டுக்கு மென்மையான உட்படை வைத்துத் தரவேண்டும், அதன் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலையை எழுத்தில் கேளுங்கள்: ஸ்கான், சத்திரசிகிச்சை, தேவைப்பட்டால் எலும்பு நிரப்புதல், செட், எல்லாம் தனித்தனியாக. பட்டனுக்குள் இருக்கும் நைலோன் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒன்று என்ன விலை, கொழும்பில் தொடர்ந்து கிடைக்குமா? டொக்டர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவானவரா என்பதையும் பாருங்கள். இரண்டாவது கருத்துக்கு வோர்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போகலாம்.

இம்பிளான்ட் வைத்த அன்றே, அதன் பெயரும் தொகுதி இலக்கமும் உள்ள ஸ்டிக்கரை வாங்கி அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறொரு டொக்டர் ஓர் உதிரிப்பாகம் மாற்றவேண்டி வந்தால், முதலில் கேட்பது அதைத்தான்.