நட்டு கழன்றுவிட்டது, டை ராடு எண்ட் வரமாட்டேன் என்கிறது

கேள்வி: வேதாரண்யம் பக்கத்துக் கிராமம். 13 வருடமான சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். இடது முன்சக்கரத்து டை ராடு எண்டில், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையிலுள்ள பந்து மூட்டில், ரப்பர் பூட் (உறை) கிழிந்து ஆட்டம் வந்துவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் புதிது வாங்கி, நானே மாற்றலாம் என்று இறங்கினேன். நட்டைக் கழற்றியும் எண்ட் நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) விட்டு வரவில்லை. கீழிருந்து போல்ட் முனையில் அடித்ததில் முனை நசுங்கி விரிந்துவிட்டது. எண்டை டை ராடில் பூட்டி வைக்கும் செக் நட்டும் அசையவில்லை. இரண்டு நாளாக டபிள்யூடி-40 அடித்துக்கொண்டே இருக்கிறேன். வெல்டிங் பட்டறைக்காரரை வரவழைத்துச் சூடு காட்டலாமா?

பதில்: சூடு இப்போதைக்கு வேண்டாம். போல்ட் முனையில் இன்னொரு அடியும் வேண்டாம். உங்கள் வண்டியில் சிக்கியிருப்பது இரண்டு இடம். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இரண்டுக்கும் சேர்த்து எண்ணெய் அடித்ததால்தான் இரண்டு நாள் வீணாகியிருக்கிறது.

நக்கிளில் இருக்கும் பிடிப்பை முதலில் பார்ப்போம். டை ராடு எண்டின் போல்ட் நேரான உருளை அல்ல. டேப்பர், அதாவது ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்தது. நக்கிள் கையில் அது நுழையும் கண்ணும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். நட்டை முறுக்கும்போது அந்த டேப்பர் ஆப்பு மாதிரி கண்ணுக்குள் இறுகிவிடுகிறது. நட்டை எடுத்த பிறகும் அந்த இறுக்கம் போகாது. இரண்டு இரும்பும் ஒட்டிக்கிடக்கும் அந்த இடத்துக்குள் எண்ணெய் இறங்க வழியே இல்லை. வெளியே தெரியும் துருவைப் பார்த்துவிட்டு, துருதான் பிடித்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பிடித்திருப்பது அந்த ஆப்புதான்.

மண்வெட்டிக் காம்பு கண்ணில் இறுகிவிட்டால் வயலில் என்ன செய்கிறோம்? காம்பின் நுனியில் அடித்தால் காம்புதான் பிளக்கும். கண்ணைச் சுற்றித் தட்டினால் கழன்று வரும். இங்கேயும் அடி விழ வேண்டியது போல்ட்டில் அல்ல, போல்ட்டைப் பிடித்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில். அப்படி அடிக்கும்போது கண் ஒரு நொடி இம்மியளவு நெளிந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்த ஒரு நொடி போதும், ஆப்பு விட்டுவிடும். போல்ட் முனையில் அடித்தால் மரை நசுங்கும், அதிர்ச்சியும் டை ராடு வழியாக ஸ்டியரிங் ராக் (டை ராடுகளை இடவலமாகத் தள்ளும் பல்சட்டம்) வரை போகும்.

ஆனால் டேப்பரை விடுவிப்பதற்கு முன்னால் செக் நட்டைத் தளர்த்திவிடுங்கள். எண்ட் நக்கிளில் இறுகியிருக்கும் வரை அது அசையாமல் நிற்கும். ஸ்பேனரில் முழு பலத்தையும் கொடுக்கலாம். கழன்று தொங்க ஆரம்பித்துவிட்டால் அதைப் பிடிக்கவே தனியாக ஒரு ஆள் வேண்டும்.

செக் நட்டில் நிஜமாகவே துருதான் எதிரி. வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக் காற்றும் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கின்றன. சம்பா நடவு நேரத்தில் கேஜ் வீல் டிராக்டர்கள் சாலைக்கு இழுத்துவரும் களிமண் மரையில் அப்பிக்கொண்டு, ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் முதலில் கம்பி பிரஷ் போட்டு, மரை பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். சேற்றின் மேல் அடித்த எண்ணெயைச் சேறுதான் குடிக்கும். தேய்த்த பிறகு துரு இளக்கும் எண்ணெயை மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை விடுங்கள். சுத்தியலால் நட்டின் பட்டைகளில் சுற்றிலும் லேசாகத் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். காலையில் தளர்த்துவதற்கு முன் கொஞ்சம் இறுக்குகிற பக்கமாக அசைத்துப் பாருங்கள். துருவின் பிடி விட்டால் அதன்பின் தளர்வதும் எளிது.

கழற்றும்போது உள் டை ராடில் ஸ்பேனர் பிடிப்பதற்கென்று தட்டையான இடம் இருக்கும். அதை இன்னொரு ஸ்பேனரால் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் திருகினால் ராக் பூட் (ராக்கின் முனையை மூடும் ரப்பர் உறை) முறுக்கிக் கிழியும், உள் பால் ஜாயிண்டும் கெடும். அது டை ராடு எண்டைப் போலச் சின்னச் செலவு இல்லை. எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதையும் மரையின் சரிவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பல சிறிய கார்களில் இரண்டு பக்கமும் வலது மரைதான். சில வண்டிகளில் ஒரு பக்கம் இடது மரை வரும்.

செக் நட்டு அப்படியும் அசையவில்லை என்றால், நட்டின் ஒரு பட்டையை கிரைண்டரால் மரையைத் தொடாத அளவுக்குத் தேய்த்து, உளி வைத்து ஒரு தட்டு தட்டிப் பிளந்துவிடலாம். புது எண்டோடு புது நட்டு வரவில்லை என்றால் முன்கூட்டியே ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு இதில் இறங்குங்கள். சூடு காட்டுவது இதற்கும் அடுத்த படி. பழைய எண்டைத் தூக்கிப்போடப் போகிறீர்கள் என்பதால் அதன் மரைப் பகுதிக்கு மட்டும் சூடு காட்டலாம். பந்து இருக்கும் கிண்ணத்தின் பக்கம் தீ போகவே கூடாது. உள்ளே அடைபட்ட கிரீஸ் கொதித்து வெடித்துச் சிதறும். எண்ணெயை நன்றாகத் துடைத்து, ராக் பூட்டை ஈரச் சாக்கால் மூடி, பிரேக் ஹோஸை ஒதுக்கிக் கட்டிவிட்டு, அனுபவப்பட்டவர் கையால்தான் அது நடக்க வேண்டும். நக்கிளுக்குச் சூடு காட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். திரும்பவும் உங்கள் உயிரைத் தாங்கப் போகிற பாகம் அது.

செக் நட்டு அரைச் சுற்று தளர்ந்தால் போதும், டேப்பருக்கு வருவோம். உங்கள் வண்டியில் போல்ட் முனை விரிந்துவிட்டது என்றீர்கள். கண்ணின் சிறிய வாயைவிட அது பெரிதாகிவிட்டிருந்தால் டேப்பர் விட்டாலும் முனை வெளியே வராது. ஆகவே முதலில் அரம் போட்டோ கிரைண்டர் பிடித்தோ விரிந்த விளிம்பை எடுத்துவிடுங்கள். பழைய நட்டு ஏறினால் இரண்டு, மூன்று மரை ஏற்றி வையுங்கள். கழலும்போது எண்ட் துள்ளாமல் பிடித்துக்கொள்ளும்.

இனி, கண் நன்றாக வெளியே தெரியும்படி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்ளுங்கள். கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியல் ஒன்றையோ இரும்புக் கட்டியையோ ஒட்டிப் பிடித்து, எதிர்ப்பக்கம் ஒரு கிலோவுக்குக் குறையாத சுத்தியலால் அடியுங்கள். பயந்து பயந்து இருபது தட்டு தட்டுவதைவிட நேராக விழும் இரண்டு, மூன்று அடி மேல். சுத்தியலும் சுத்தியலும் நேருக்கு நேர் மோதக்கூடாது, இரும்புச் சில்லு பறக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஓர் ஆள் கடப்பாரையை நெம்புகோலாக வைத்து டை ராடை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் விடும். உங்கள் வண்டியில் நட்டு கீழே இருப்பதால்தான் மேல்நோக்கி என்கிறேன். நட்டு மேலே இருக்கும் வண்டியில் கீழ்நோக்கி.

பால் ஜாயிண்ட் புல்லர் (போல்ட்டைக் கண்ணிலிருந்து திருகி அழுத்திப் பிரிக்கும் கருவி) கிடைத்தால் வேலை பாதி. அதை மாட்டி, முறுக்கி, விறைப்பாக நிற்கும்போது கண்ணின் பக்கத்தில் ஒரு அடி கொடுத்தால் பெரும்பாலும் டப்பென்ற சத்தத்தோடு விட்டுவிடும். புல்லரை மட்டுமே நம்பி மேலும் மேலும் முறுக்கினால் புல்லர்தான் உடையும். கவட்டை மாதிரி இரண்டு பல் உள்ள கருவியை இடையில் அடித்து ஏற்றுபவர்களும் உண்டு. அது பூட்டைக் கிழித்துவிடும். தூக்கிப்போடப் போகும் எண்டுக்குப் பரவாயில்லை, ஆனாலும் எனக்குப் புல்லர்தான் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் நக்கிள் அலுமினியம். காந்தம் ஒட்டவில்லை என்றால் அடிக்கும் வழியை மறந்துவிட்டு புல்லரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இத்தனை அடி விழும்போது வண்டி எதன் மேல் நிற்கிறது என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. நம் பகுதிக் களிமண் வாசலில், அதுவும் மழைக்குப் பிறகு, ஜாக்கி மெல்லப் புதையும். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இருந்தால் அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. அடியின் அதிர்ச்சியில் சொல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

எண்ட் விடுபட்டதும் உடனே திருகி எடுத்துவிடாதீர்கள். செக் நட்டு முதலில் நின்ற இடத்தில் மரையின் மேல் பெயிண்டால் கோடு போட்டு, கழற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். பல சிறிய கார்களில் ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ அந்தச் சக்கரத்தின் திசை ஏறக்குறைய அரை டிகிரி மாறிவிடும். டயரை ஒரு பக்கமாகத் தின்ன அது தாராளம்.

நக்கிள் கண்ணைத் துணியால் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் நக்கிளை மாற்றாமல் வண்டியை எடுக்க வேண்டாம். அடுத்த முறை எளிதாக வரட்டும் என்று டேப்பரில் கிரீஸ் தடவாதீர்கள். அது உலர்ந்து சுத்தமாக உட்கார வேண்டிய இடம். கிரீஸையோ துரு தடுக்கும் பசையையோ செக் நட்டு மரையில் தடவிக்கொள்ளுங்கள். நட்டு முறுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றினால், எண்டைக் கடப்பாரையால் கண்ணுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் நின்றுவிடும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகப்படி வையுங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். காடி வெட்டிய நட்டாக இருந்து, பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. அந்த ஓட்டையில் மாட்டி மடக்கும் பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். நைலான் வளையம் உள்ள நட்டாக இருந்தால் அதுவும் புதிதாக இருக்கட்டும்.

வலது பக்கத்தையும் மாற்றத்தான் போகிறீர்கள். அங்கே நட்டை முழுதாகக் கழற்றாமல் செக் நட்டிலிருந்து தொடங்குங்கள். எண்ட் இரண்டையும் எடுத்திருக்கும்போதே உள் டை ராடைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, இல்லையென்றால் அலைன்மென்ட்டுக்கு இரண்டு முறை காசு கொடுக்க வேண்டிவரும். வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டி அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுங்கள். சுற்றுகளைச் சரியாக எண்ணியது அந்தக் கடை வரை பத்திரமாகப் போய்ச் சேர மட்டுந்தான்.