குறைத்துச் சாப்பிட்டே களைத்த உடல்: வாசகர் கேள்விகளுக்கு ஊட்டச்சத்து ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: என் வயது 34, உயரம் 158 செ.மீ. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எடை 71 கிலோவுக்குப் போய்விட்டதால் மூன்று ஆண்டுகளாக டயட்டில் இருக்கிறேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் சோறு இல்லாமல் காய்கறியும் ரசமும், இரவில் ஓட்ஸ் கஞ்சி. தினமும் ஒரு மணி நேரம் வேக நடை. கைப்பேசிச் செயலியின் கணக்குப்படி நாளொன்றுக்கு 1,000 கலோரி உண்கிறேன். எடை 56 கிலோவுக்கு வந்து எட்டு மாதங்களாக அசையவில்லை. கை கால் எப்போதும் சில்லிட்டிருக்கிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, நான்கு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. "மெட்டபாலிசம் கெட்டுவிட்டது, அதிகமாகச் சாப்பிட்டால் அது சரியாகும், எடையும் தானாகக் குறையும்" என்கிறார் ஜிம் பயிற்சியாளர். சாப்பிட்டால் பழையபடி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, முதலில் மாதவிடாயைப் பற்றிப் பேசிவிடுவோம், உங்கள் கடிதத்தில் எடையைவிட முக்கியமான செய்தி அதுதான். மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் நின்றுபோனால், டயட்தான் காரணம் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்ளாமல் மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனையில் தொடங்கி தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன், ஹீமோகுளோபின், உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு வரை அவர் பார்ப்பார். குளிர் தாங்காமை, முடி உதிர்வு, மாதவிடாய்க் கோளாறு ஆகிய மூன்றும் தைராய்டு சுரப்புக் குறைவிலும் வரக்கூடியவை என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவற்றில் குறை ஏதும் இல்லையென்றால், உணவுப் பற்றாக்குறையே காரணம் என்று நினைக்க வலுவான இடம் இருக்கிறது. உங்கள் 56 கிலோவில் கொழுப்பு நீங்கலான எடை உத்தேசமாக 39 கிலோ இருக்கும். உண்ணும் கலோரியில் உடற்பயிற்சிக்குச் செலவாவதைக் கழித்த பிறகு மிஞ்சுவதை வைத்துத்தான் இதயம், மூளை, கருப்பை, தோல், முடி அனைத்தையும் உடல் பராமரிக்க வேண்டும். அந்த மிச்சம், கொழுப்பு நீங்கலான ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 கலோரிக்குக் கீழே இறங்கும்போது, மாதவிடாய்ச் சுழற்சியை நடத்தும் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் 1,000 கலோரியில் நடைக்கு ஏறத்தாழ 200 போனால் மிஞ்சுவது 800, அதாவது கிலோவுக்கு 20 கலோரிதான். செயலியில் ஏறாத தாளிப்பு எண்ணெய், குழந்தை தட்டில் மிச்சம் வைத்த தோசை, ஞாயிற்றுக்கிழமை விருந்து எல்லாவற்றையும் சேர்த்து நீங்கள் உண்மையில் 1,200 கலோரி உண்பதாக வைத்துக்கொண்டாலும் கணக்கு 26-ஐத் தாண்டவில்லை.

வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல உங்கள் உடலும் சுருக்கிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு கரையும்போது அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, தைராய்டு ஹார்மோனின் வீரியமுள்ள வடிவத்தைக் குறைத்து, நாடித்துடிப்பைத் தளர்த்தி, பசியை மட்டும் கூட்டுகிறது. நாமும் அறியாமலேயே குறைவாக நடமாடுகிறோம். மாடிப்படி ஏறுவதற்குக்கூட உடல் மறுக்கிறது. உடல் சிறுத்ததற்கு ஏற்பக் குறைய வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே செலவு குறைகிறது என்பது 1995-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வில் அளந்து காட்டப்பட்டது.

இந்தச் சுருக்கம் மீளக்கூடியதா என்ற கேள்விக்கு, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வு இன்றும் வழிகாட்டுகிறது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, 24 வாரங்கள் வழக்கமான உணவில் பாதியளவை உண்டு, உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். அவர்களுடைய அடிப்படை வளர்சிதை மாற்றம் (மெட்டபாலிசம், அதாவது ஓய்விலும் உடல் செலவிடும் கலோரி) சுமார் 40 சதவீதம் சரிந்தது. கோடையிலும் குளிர்ந்தது, முடி கொட்டியது, பகலெல்லாம் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது; சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பிறகு அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு அளவில் உணவைக் கூட்டியபோது, மிகக் குறைவாகக் கூட்டப்பட்டவர்கள் மிக மெதுவாகத் தேறினார்கள். வைட்டமின் மாத்திரைகளைக் கூடுதலாகக் கொடுத்தும் கலோரிக்கு அவை ஈடாகவில்லை. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான்: இழந்ததை மீட்டுத்தருவது போதிய உணவு; எந்தச் சத்து மாவும் அதன் இடத்தை நிரப்பாது.

எவ்வளவு உண்பது? உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்தன. நீங்கள் நடக்கவும் செய்வதால் 1,700 முதல் 1,800 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறும் மனமும் பழகுவதற்காக மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக ஏற்றலாம். வாரம் 50 கலோரி என்று மாதக்கணக்கில் இழுப்பதால் உங்கள் பற்றாக்குறைதான் நீளும். காலையில் இன்னும் ஒரு இட்லியும் ஒரு முட்டையும் (130 கலோரி), மதியம் ஒரு கிண்ணம் சோறும் அரைக் கிண்ணம் பருப்பும் (300), மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை (170), இரவில் ஒரு டம்ளர் பால் (100) என்று சேர்த்தாலே 700 கலோரி ஆகிவிடும். பயந்து ஒதுக்கிய சோற்றை முதலில் திரும்பக் கொண்டுவாருங்கள். நடையைத் தற்காலிகமாக அரை மணி நேரமாகக் குறைத்துக்கொண்டு, வாரம் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சி செய்தால், கூடுதல் உணவில் ஒரு பகுதி தசையாகும்.

முதல் இரண்டு வாரங்களில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறக்கூடும். தசையிலும் கல்லீரலிலும் உடல் சேமிக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், வற்றிப்போயிருந்த நிலையிலிருந்து நிரம்பும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அந்த நீரின் எடைதான் இது. அந்தக் கட்டத்தில் பயந்து மறுபடி பட்டினிக்குத் திரும்பும் பெண்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அதனால் ஒரு மாதத்துக்கு எடைக் கருவியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று கிலோ கூடி நின்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உங்கள் உடல் நிறைக் குறியீட்டெண் (BMI) இப்போது 22.4, நமக்கான வரம்பு 23 என்பதால், மேற்கொண்டு குறைக்க வேண்டிய தேவையே இல்லை. கையின் சூடும் தூக்கமும் சில வாரங்களில் திரும்பும். மாதவிடாய்க்கும் முடிக்கும் மாதங்கள் ஆகலாம். அதிகமாகச் சாப்பிட்டால் எடை தானாகக் குறையும் என்று உங்கள் பயிற்சியாளர் சொன்ன பகுதி மட்டும் தவறு. கூட்டிய உணவின் பலனை நாடித்துடிப்பிலும் தெம்பிலும் மாதவிடாயிலும்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வயது 41, எடை 65 கிலோ. ஆறு நாள் 1,200 கலோரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாணி, இனிப்பு என்று அளவில்லாமல் சாப்பிடுகிறேன். இது மெட்டபாலிசத்தைத் தட்டி எழுப்பும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒரு நாள் விருந்தில் லெப்டின் சற்று உயர்ந்து, உணவு குறைந்ததும் இறங்கிவிடும், அந்த அவகாசத்தில் தைராய்டோ மற்ற ஹார்மோன்களோ நிமிர்ந்துவிடுவதில்லை. அமர்ந்து வேலை செய்யும் உங்கள் எடையுள்ள ஆணுக்கு 2,110 கலோரி தேவைப்படும்போது ஆறு நாளும் 900 கலோரி கடன் வைத்தால், ஏழாம் நாள் கட்டுக்கடங்காத பசி வருவது இயல்பே. மினசோட்டா இளைஞர்களும் கட்டுப்பாடு நீங்கியபின் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டார்கள். தசை முழுதாகத் திரும்புவதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. எடை இன்னும் குறைய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் ஏழு நாளும் 1,700 கலோரி உண்ணுங்கள், இல்லையென்றால் 2,100. பிரியாணியை அந்தக் கணக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு 19 வயது, உயரம் 160 செ.மீ., எடை 38 கிலோ. ஓராண்டாக டயட் என்று சொல்லிக் குறைத்தவள், இரண்டு வாரமாக கிரீன் டீயும் சில பழத் துண்டுகளும்தான் எடுக்கிறாள். தலை சுற்றுகிறது என்கிறாள். நெய்ச்சோறு, பாதாம் பால், கேழ்வரகுக் கூழ் என்று நிறையக் கொடுத்துத் தேற்றிவிடலாமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, வீட்டில் தேற்ற முயல வேண்டாம், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மகளின் உடல் நிறைக் குறியீட்டெண் 15-க்கும் கீழே இருக்கிறது. இந்த நிலையில், பல நாள் பட்டினிக்குப் பிறகு உணவு திடீரென்று மிகுந்தால், இன்சுலின் சுரந்து இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும்; இதயத் துடிப்பும் மூச்சும் நின்றுபோகும் அளவுக்கு அது ஆபத்தானது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜப்பானிய முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளில் சிலர், நல்ல உணவு கிடைத்த பிறகு இப்படித்தான் இறந்தார்கள். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, சிறிய அளவில் தொடங்கி, நாள்தோறும் பார்த்துப் பார்த்து உணவை ஏற்றுவார்கள்.

பொது மருத்துவரோடு மனநல மருத்துவரும் அவளைப் பார்க்க வேண்டும். உண்ண மறுப்பது பிடிவாதம் என்று தோன்றினாலும், சிகிச்சை தேவைப்படும் நோயாக அது இருக்கக்கூடும். கடைசியாக என்றைக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டாள், என்னென்ன மாத்திரை எடுக்கிறாள், மாதவிடாய் எப்போது நின்றது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எடையைப் பற்றி அவளிடம் இப்போது வாதாட வேண்டாம். தலைசுற்றலுக்குக் காட்டப் போகிறோம் என்று சொன்னாலே போதும். அது உண்மையும்கூட. படபடப்போ மூச்சுத் திணறலோ காலில் வீக்கமோ மயக்கமோ இருந்தால், ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.